சீதனமாக வந்த எஞ்சின்

மகனே,

பேசாமல் இருந்தது போதும். நீ வீட்டை விட்டுப் போய் இன்றைக்கு நாற்பத்தொரு நாள். யாழ்ப்பாணத்துக்குள்ளேயே, திருநெல்வேலியில், பலாலி வீதியிலிருந்து உள்ளே போகும் ஓர் ஒழுங்கையில் அறை எடுத்திருக்கிறாய் என்பதை உன் அம்மா சொல்லித்தான் அறிந்தேன். குருநகரிலிருந்து சைக்கிளில் வந்தால் அரை மணி நேரம். இந்தக் கடிதம் வந்து சேர இரண்டு நாளாகும். இருந்தாலும் தபாலில்தான் அனுப்புகிறேன். நேரில் வந்தால் நான் கத்துவேன். தொலைபேசியில் எடுத்தால் நீ வைத்துவிடுவாய். அடுத்த மாதம் நோர்வேக்குப் படிக்கப் போகிறாய். போவதற்கு முன் நீ தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று: எஞ்சினை நான் பழைய இரும்புக்குப் போடவில்லை. போடவும் மாட்டேன். அதைத் திருத்தி ஓடவைப்பதென்று முடிவெடுத்துவிட்டேன். ஏன் என்று எழுதுகிறேன். உன் சம்மதத்தைக் கேட்டு அல்ல.

உனக்கு அந்த எஞ்சின் பிறந்த நாள் முதல் வீட்டில் பார்த்த ஒரு சாமான். எனக்கு அது இருபத்தெட்டு வருட அவமானம். நான்கு வள்ளம் வைத்திருந்த சம்மாட்டி உன் அம்மாவின் அப்பா. மகளுக்குச் சீதனமாக இந்த வீட்டை எழுதினார். அது எங்கள் வழக்கம். அதோடு நிற்காமல், வள்ளத்தின் பின்னால் பூட்டுகிற ஓர் எட்டுக் குதிரைவலு எஞ்சினையும் தந்தார். கல்யாண மண்டபத்தில், கேக் மேசைக்குப் பக்கத்தில், மரச் சட்டத்தில் நிறுத்தி வெள்ளை ரிபன் கட்டி வைத்திருந்தார்கள். மாப்பிள்ளையோ பௌதிகவியல் பட்டதாரி. வள்ளத்தில் ஏறினால் வாந்தி எடுப்பவன். "மாஸ்டர், நாளைக்கு இதைச் சைக்கிளுக்குப் பின்னாலை பூட்டிக்கொண்டோ பள்ளிக்கூடம் போறீர்?" என்று ஒருவன் கேட்டான். "மண்ணெண்ணெய் முடிஞ்சா வழியிலை பெடியள் தள்ளுவினம்" என்றான் இன்னொருவன். மண்டபம் சிரித்தது. உன் அம்மாவும் முக்காட்டுக்குள் சிரித்தாள். அன்றிலிருந்து அந்த மனிதரை நான் மன்னிக்கவில்லை. அவருடைய சவப்பெட்டியைத் தூக்கிய நால்வரில் நானும் ஒருவன். தூக்கிக்கொண்டே மன்னிக்காமல் நடந்தேன். எங்கள் கல்யாணம் நடந்தது, கடலுக்குப் போகவே இராணுவம் பாஸ் கேட்ட காலத்தில். எஞ்சின் உள்ள வீட்டில் உலை வைத்தார்கள், இல்லாத வீட்டில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தன்னிடம் இருந்தவற்றில் மிகச் சிறந்ததைத்தான் அவர் எடுத்துத் தந்தார் என்பதை விளங்கிக்கொள்ள எனக்கு இருபத்தெட்டு வருடமும் ஒரு தண்ணீர்த் தொட்டியும் தேவைப்பட்டன.

எங்கள் கரையில் மீனைப் பங்கு போடும்போது வள்ளத்துக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, எஞ்சினுக்கு ஒரு பங்கு, மிச்சம் ஆட்களுக்கு. கடலுக்குப் போன ஒரு மனிதனைப்போல எஞ்சினுக்கும் கூலி உண்டு. உன் மாமா, அம்மாவின் தம்பி, அந்த எஞ்சினைத் தன் வள்ளத்தில் பூட்டிக்கொண்டு போவார். எஞ்சின் பங்கு விடிய எங்கள் குசினிக்கு வரும். சம்பளம் பிந்திய மாதங்களில் நாங்கள் சாப்பிட்டதும், உனக்கு ரியூஷன் எடுத்ததும் அந்தப் பங்கில்தான். நான் ஒரு நாளும் அதைச் சொன்னதில்லை. விருந்தாளிகள் மீனைப் புகழ்ந்தால், "கடைக்குப் போக நேரமில்லை, மச்சான் கொண்டுவந்து போட்டவன்" என்று சொல்வேன். என் வீட்டில் என்னைவிடக் கூட உழைத்த ஒன்றுக்கு நான் கொடுத்த மரியாதை அவ்வளவு.

அது எப்படிக் கடலுக்குள் போனது என்பதை நீ மாமாவிடம் கேட்டிருப்பாய். அவர் நல்ல மனிதர், என்னைக் காட்டிக்கொடுத்திருக்க மாட்டார். ஆகவே நானே சொல்கிறேன். கரைக்கு வந்ததும் எஞ்சினைக் கழற்றித் தோளில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோவதுதான் வழக்கம். கரைக்குக் கிட்ட இருப்பதால் அது எப்போதும் மாமாவின் வீட்டில்தான் நின்றது. மாரி மழை தொடங்கிய கிழமை, ஒரு ஞானஸ்நான வீட்டில், மாமா யாரிடமோ "எங்கடை எஞ்சின்" என்று சொன்னது என் காதில் விழுந்தது. எல்லோருக்கும் முன்னால், "அது என்ரை எஞ்சின். நாளையிலை இருந்து என்ரை வீட்டிலை நிக்கவேணும்" என்றேன். "சரி அத்தான்" என்றார் அவர். "கரையிலை இறங்கினதும் ரெலிபோன் அடிக்கிறன். வந்து தூக்குங்கோ." அடுத்த நாள் அடித்தார். நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு மாஸ்டர் தோளில் எஞ்சின் சுமந்து சேர்ச்சுக்கு முன்னால் நடப்பதா என்று யோசித்தேன். பிறகு வருகிறேன் என்றேன். அவராகவே கொண்டுவந்து தருவார் என்று பார்த்திருந்தேன். அவருக்கும் ரோசம் இருந்தது, எஞ்சினை வள்ளத்திலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். விடியுமுன் அடித்த காற்றிலும் மழையிலும் வள்ளம் தண்ணீர் நிறைந்து, நங்கூரத்தில் நின்றபடியே எஞ்சினோடு தாழ்ந்தது.

மத்தியானத்துக்கு முன் எடுத்துவிட்டார்கள். "அத்தான், உடனை மரியதாஸ் அண்ணையிட்டைக் கொண்டு போவம். இண்டைக்கே கழட்டினாத் தப்பும்" என்று மாமா கெஞ்சினார். எஞ்சின் திருத்துகிற மரியதாஸின் பெயரைக் கேட்டதும் எனக்குக் கோபம் ஏறிவிட்டது. "எனக்குத் தெரியும், விடும்" என்றேன். உப்புத் தண்ணீரில் நனைந்த இரும்பு காற்றுப் பட்டதும்தான் வேகமாகத் துருப்பிடிக்கும். உடனே கழற்ற முடியாவிட்டால் நல்ல தண்ணீருக்குள் அமிழ்த்தி வைக்கவேண்டும். இது சரியான விஞ்ஞானம். வேறு ஒருவனைத் தேடிக் கொழும்பிலிருந்து கூப்பிடும்வரை வைத்திருக்கலாம் என்று, எஞ்சினைக் குளிக்கிற தொட்டிக்குள் இறக்கி, கழுத்துவரை கிணற்றுத் தண்ணீர் நிறைத்தேன்.

"அது சவர்த் தண்ணியெல்லோ" என்றாள் உன் அம்மா. "அதிலை கழுவின சட்டியே ஓட்டையாப் போகுது."

"உமக்கு விஞ்ஞானம் தெரியாது. பேசாமல் இரும்."

"எனக்கு விஞ்ஞானம் தெரியாதப்பா. சவுக்காரம் நுரைக்கிறேல்லை எண்டுமட்டும் தெரியும்."

உவர்த் தண்ணீரில் சவர்க்காரம் ஏன் நுரைப்பதில்லை என்ற பாடத்தை நான் முப்பது வருடமாகப் படிப்பிக்கிறேன். இந்த வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை ஒரு நாளும் நாங்கள் குடித்ததில்லை. குடிதண்ணீருக்குப் பிளாஸ்ரிக் கான் தூக்கிக்கொண்டு நீயே எத்தனை தரம் குழாயடிக்குப் போயிருக்கிறாய். அப்படியிருந்தும் மூன்று நாள் அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் கதிரை போட்டு, உப்புக்குள் ஊறிக்கொண்டிருந்த எஞ்சினுக்கு நான் காவல் இருந்தேன்.

வெளியூர் போயிருந்த நீ மூன்றாம் நாள் வீட்டுக்குத் திரும்பினாய். தொட்டியைப் பார்த்தாய். விரலை நனைத்து நாக்கில் வைத்தாய். "அப்பா, வாங்கோ, மரியதாஸ் மாமாவிட்டைப் போவம்" என்று மெதுவாகத்தான் சொன்னாய். அதற்கு நான் சொன்னவற்றை இங்கே எழுதவில்லை. நீ பதிலுக்குச் சொன்னதை மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் அது நல்ல வசனம்: "அப்ப எஞ்சினை இரும்புக்குப் போடுங்கோ. உங்கடை கோவத்தை வைச்சிருங்கோ. அது துருப்பிடிக்காது." சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனாய்.

என் கோபம் என்னவென்று உனக்கு அரைகுறையாகத் தெரியும். உனக்குப் பதினாலு வயதாக இருக்கும்போது எங்கள் பள்ளிக்கூடத்துக்கு அதிபராக வரவேண்டியவன் நான். கல்வித் திணைக்களக் கந்தோருக்கு ஒரு மொட்டைக் கடிதம் போனது. நான் எஞ்சின் முதலாளி என்றும், பாடநேரத்தில் கடற்றொழில் வியாபாரம் பார்க்கிறேன் என்றும், இன்ன நாள் பதினொரு மணிக்கு மரியதாஸின் கொட்டிலில் எஞ்சினைக் கழற்றிக்கொண்டு நின்றேன் என்றும் அதில் இருந்ததாம். நான் அன்று நின்றது உண்மை. ஒரே ஒரு நாள், அரை நாள் லீவு போட்டு. அதை அறிந்தவன் மரியதாஸ் ஒருவன்தான் என்று நினைத்தேன். ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புவரை என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன். அவன் படிப்பை விட்டான், நான் தொடர்ந்தேன். எரிச்சலில் எழுதிவிட்டான் என்று முடிவு கட்டினேன். அதிபர் பதவி வேறொருவருக்குப் போனது.

இனி எழுதப்போவதை உன் அம்மாவுக்கே போன கிழமைதான் சொன்னேன். நானும் ஒரு மொட்டைக் கடிதம் எழுதினேன். எங்கள் கரைக் கடற்றொழிலாளர் சங்கத்துக்கு, மரியதாஸைப் பற்றி. அவனுடைய கொட்டில் அப்போது கரையிலேயே இருந்தது. நான்கு குற்றச்சாட்டுகள். ஒன்று, எண்ணெய் மண்ணில் ஊறுகிறது. இரண்டு, பூசை நேரத்தில் சுத்தியல் சத்தம். மூன்று, வலை காயப்போடும் நிலத்தில் பாதியை அவன் பிடித்துவிட்டான். நான்கு, களவெடுத்த எஞ்சின்களின் உறுப்புகளை அவன் விற்கிறான். நான்காவதற்காகத்தான் அவனைக் கரையிலிருந்து எழுப்பினார்கள். நான்காவது பச்சைப் பொய். அதை நான் என் மேசையில் இருந்து, நல்ல தாளில், நல்ல பேனாவால் உண்டாக்கினேன்.

நீ போன பிறகு எஞ்சின் பின்முற்றத்தில் சாக்குக்கு மேல் கிடந்தது. மாமா இரவல் எஞ்சினில் கடலுக்குப் போனார். எங்களுக்குப் பங்கு வரவில்லை. உன் அம்மா பெரிய கடைச் சந்தைக்குப் போய் இருபத்தெட்டு வருடத்தில் முதல் தடவையாக மீன் வாங்கிக்கொண்டு வந்து, என் முன்னால் மேசையில் வைத்தாள். பழைய இரும்பு வாங்குபவன் படலைக்கு வெளியே நின்று கூப்பிட்டான். உள்ளே வந்து, எஞ்சினைக் காலால் புரட்டிப் பார்த்து, "செத்த சாமான் ஐயா, தூக்கட்டோ?" என்றான். காலால் புரட்டினான், மகனே. அந்த ஒரு செய்கையில் எனக்கு எல்லாம் தலைகீழாகிவிட்டது. இருபத்தெட்டு வருடம் நான் செய்ததும் அதுதான் என்று தெரிந்தது. "வெளியிலை போம்" என்றேன். அன்று பின்னேரமே ஓட்டோவில் எஞ்சினை ஏற்றிக்கொண்டு மரியதாஸிடம் போனேன்.

அவனுடைய பட்டறை இப்போது ஓர் ஒழுங்கையின் முடிவில், வீட்டுக்குப் பின்னால். எஞ்சினைச் சுமந்துகொண்டு கரையிலிருந்து யாரும் அவ்வளவு தூரம் லேசில் வரமாட்டார்கள். பன்னிரண்டு வருடத்தில் அவன் தலை முழுவதும் நரைத்திருந்தது. முன்பெல்லாம் நாங்கள் வாடா போடா. அன்று அவன் எழுந்து நின்றான்.

"வாங்கோ மாஸ்டர். தேத்தண்ணி குடிக்கிறியளோ, இல்லாட்டி நேரை செத்தவீட்டுக் கதையோ?"

"இதை ஒருக்காப் பாரும்."

அவன் குந்தி, மேல் மூடியைக் கழற்றி, உள்ளே சுழலும் சில்லைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தான். அசையவில்லை. "கடலுக்குள்ளை எவ்வளவு நேரம்?"

"ஆறு மணித்தியாலம். பிறகு மூண்டு நாள் தொட்டியிலை."

"எந்தத் தொட்டி?"

"வீட்டுத் தொட்டி."

"குருநகர் வீட்டுத் தொட்டியோ?" அவன் சிரிக்கத் தொடங்கினான். சிரித்துச் சிரித்து மண்ணில் உட்கார்ந்துவிட்டான். "பெரிய கடலிலை இருந்து எடுத்துச் சின்னக் கடலுக்குள்ளை போட்டிருக்கிறியள். உங்களிட்டைப் படிச்ச பிள்ளையளைக் கர்த்தர்தான் காப்பாத்தவேணும்."

இதைவிட மோசமாகக் கேட்கத் தயாராகத்தான் போயிருந்தேன். அவன் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் ஒரு பிஸ்கட் தகரத்தைக் கொண்டுவந்தான். அதிலிருந்து பிளாஸ்ரிக் உறையில் போட்ட ஒரு தாளை எடுத்து நீட்டினான். என் கடிதம்.

"சங்கத்திலை செயலாளர் மாறேக்கை என்னட்டைத் தந்தவர். எழுதினது ஆரெண்டு தேடவே தேவைப்படேல்லை. ஒண்டு, ரெண்டு எண்டு இலக்கம் போட்டு, முக்கியமான இடத்துக்கெல்லாம் அடிமட்டம் வைச்சுக் கீழ்க்கோடு அடிச்சு மொட்டைக் கடிதம் எழுதக்கூடிய ஒரே ஆள் இந்தக் கரையிலை நீங்கள்தான். எட்டு வருசம் அந்தக் கோட்டுக்குப் பக்கத்திலை இருந்து படிச்சனான், மாஸ்டர்."

"நீர் மட்டும் எழுதேல்லையோ? கந்தோருக்கு?"

அப்போதுதான் அவனுக்குக் கோபம் வந்தது, மரியாதையும் போனது. "நான் எழுதினா என்ரை பேரைப் போட்டு எழுதியிருப்பனடா. உனக்கு என்ன விசரோ? அண்டைக்கு எஞ்சினைத் தோளிலை சுமக்க வெக்கப்பட்டு ஓட்டோவிலை ஏத்திக்கொண்டு எந்த வழியாலை வந்தனீ? பள்ளிக்கூட வாசலாலை! இன்ரேவல் விட்ட நேரம்! முழுப் பள்ளிக்கூடமும் மதிலிலை நிண்டு கை காட்டினது!"

அது உண்மை. பிள்ளைகள் கை காட்டினார்கள். நானும் திருப்பிக் கை காட்டினேன். பன்னிரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட அந்தக் கைகள் என் நினைவுக்கு வரவில்லை. அவை நினைவுக்கு வந்திருந்தால் என் கோபத்துக்கு நிற்க இடம் இருந்திருக்காது.

"இது ஓடுமோ?" என்று கேட்டேன். வேறு எதைக் கேட்பது?

"சத்தியம் பண்ணமாட்டன். பிஸ்டன் இறுகிப்போச்சு. உள்ளை பெயாரிங் எல்லாம் போயிருக்கும். ஆனா இது அந்தக் காலத்துச் சாமான், உடம்பு நல்லாக் கிடக்கு. ஒரு மாசம் விட்டாப் பாப்பம்." பிறகு அந்தத் தாளின் அடியில் விரலை வைத்தான். "இதிலை ஒரு கையெழுத்து. அவ்வளவுதான் என்ரை கூலி. கையெழுத்தோடை சங்கத்துக்கு அனுப்பிவிடுங்கோ. வாசிக்கட்டும்."

"நான் மாட்டன் எண்டால்?"

"எஞ்சினைத் திருப்பிக் கொண்டு போங்கோ." சொல்லிக்கொண்டே பிளக்கைக் கழற்றி அந்தத் துவாரத்துக்குள் டீசல் ஊற்றத் தொடங்கினான். "இப்ப இதை ஊத்தி வைக்கிறன். இதுக்கு உங்கடை கையெழுத்துத் தேவையில்லை. எஞ்சின் என்ன பாவம் செய்தது?"

அந்தத் தாள் ஒன்பது நாளாக என் மேசையில் கிடந்தது. இதில் எனக்கு என்ன போகும் என்பதை நீ அறிந்திருக்கவேண்டும். அடுத்த தவணையோடு எங்கள் அதிபர் ஓய்வு பெறுகிறார். வரிசையில் முதலாவது பெயர் என்னுடையது. இனியொரு வாய்ப்புக்கு எனக்கு வயது இல்லை. ஒருவன்மேல் களவுப் பழி கட்டிக் கடிதம் எழுதினேன் என்று கையெழுத்திட்டுக் கொடுத்தால், அதைக் கல்விக் கந்தோருக்குக் கொண்டுபோக எங்கள் ஊரில் ஆள் பஞ்சமில்லை. இந்தத் தடவை மொட்டையாக எழுதவேண்டிய சிரமமும் அவர்களுக்கு இல்லை. உன் அம்மாவிடம் கேட்டேன். அவள் மீனைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "இருக்கக் கதிரை வேணுமெண்டாக் கடையிலை விக்குது. எனக்கு எங்கடை அப்பான்ரை எஞ்சின் வேணும்."

இன்று காலை கையெழுத்து வைத்தேன். முழுப் பெயர், திகதி, விலாசம். ஆனால் நான் திருந்திவிட்டேன் என்று நினைத்து நீ கண் கலங்கவேண்டாம். முதலாவது குற்றச்சாட்டை வெட்டவில்லை. எண்ணெய் மண்ணில் ஊறியது. இரண்டாவதையும் வெட்டவில்லை, பூசை நேரத்தில் அவன் அடித்தான், நான் கேட்டேன். மூன்றாவதையும் நான்காவதையும் வெட்டி, பக்கத்தில் "மிகை" என்றும் "பொய்" என்றும் எழுதினேன். என் அதிபர் பதவியைக் கெடுத்தவன் எவனோ, அவனை நான் மன்னிக்கவில்லை. யாரென்று தெரிந்தால் சும்மா விடமாட்டேன். மரியதாஸ் சிரித்த சிரிப்பையும் மறக்கமாட்டேன். நாளைக்கு ஊரே சிரிக்கும், சிரிக்கட்டும். கல்யாண மண்டபத்திலும் சிரித்தார்கள். அன்று வெட்கப்பட்டேன். இந்த முறை எஞ்சினை நானே தோளில் தூக்கிக்கொண்டு, சேர்ச்சுக்கு முன்னால், வெளிச்சத்தில் நடப்பேன்.

எஞ்சின் ஓடாமலும் போகலாம். ஓடினால் மாமாவின் வள்ளத்தில் பூட்டப்படும். அதன் பங்கு இந்த வீட்டுக்கு வரும். விருந்தாளி கேட்டால் எஞ்சின் உழைத்தது என்று சொல்வேன். ஓடாவிட்டால் கழுவித் துடைத்து வாசலில் நிறுத்துவேன். இரும்புக்காரன் பார்த்துக்கொண்டு போகட்டும். உன்னை நோர்வேக்குப் போகாதே என்று நான் சொல்லவில்லை. நீ சொன்னதில் பாதி சரி என்று ஒத்துக்கொள்கிறேன். மற்றப் பாதிக்காக உன்மேலும் எனக்குக் கோபம் உண்டு. ஒரு சாமான் நனைந்துவிட்டது என்பதற்காக எறிந்துவிடச் சொல்பவன் என் மகனாக இருக்கக்கூடாது. போகிற இடத்தில் உன்னையும் அவமதிப்பார்கள். கோபப்படு. கோபப்படாதவனை எனக்குப் பிடிக்காது. ஆனால் கோபத்தில் ஒன்றைக் கொண்டுபோய் எதற்குள்ளாவது அமிழ்த்துமுன், நீ செய்தாயே, அதைச் செய்: விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார். முப்பது வருடம் படிப்பித்தவன் அதைச் செய்யவில்லை.

இன்று இரண்டு கடிதங்களைத் தபாலில் சேர்க்கிறேன். சங்கத்துக்குப் போவது பதிவுத் தபால். உனக்குப் போவதற்குச் சாதாரண முத்திரை. உன் அம்மா அதை ஒட்டித் தந்தபோது கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "இதுக்கு ஏன் பேர் போடேல்லை? திரும்பவும் தொடங்கியிட்டியளோ?" என்றாள். மற்றக் கடிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு எனக்குப் பன்னிரண்டு வருடம் எடுத்தது. இன்றைக்கு அந்த ஒன்று போதும். இதைப் பெயரில்லாமல்தான் பெட்டியில் போடப்போகிறேன். யார் எழுதியதென்று உனக்குச் சந்தேகம் வந்தால் திரும்ப ஒருமுறை பார். தேவையான இடங்களில் எல்லாம் அடிமட்டம் வைத்துக் கோடு போட்டிருக்கிறேன்.